துளுக்காத கிடா

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வருடம் மாசி மாதம், பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் நடந்தது இது.

அதற்கு முந்தைய வருடம், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வேலைக்குப் போன என் மகன் வண்டி கவிழ்ந்து அடிபட்டான். அஸ்தம்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். நான் வராந்தாவில் நின்று மஞ்சள் துணியில் காசு முடிந்து, பையன் எழுந்துவிட்டால் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டேன். அதே வராந்தாவின் இன்னொரு மூலையில் என் மருமகள் முழங்கால் போட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தாள். அவள் கிறிஸ்தவப் பெண். அவர்களாகவே விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். எங்கள் பங்காளிகள் யாரும் வரவில்லை. மகன் கண் விழித்தான். யார் வேண்டியதற்கு விழித்தான் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

கிடாக்குட்டி வாங்கி வந்தேன். அதற்குத் தழை ஒடித்துப் போட்டதும் தண்ணீர் காட்டியதும் அவள்தான்.

கோயிலில் பங்காளிகள் எல்லோரும் கூடினார்கள். பூசாரி கிடாவின் மேல் தீர்த்தம் தெளித்தார். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். எங்கள் பக்கம் துளுக்குவது என்போம். துளுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், அப்புறம்தான் வெட்டலாம். கிடா அசையவில்லை. மறுபடி தெளித்தார். ஒவ்வொருவராக விழுந்து கும்பிட்டோம். கிடா கழுத்து மாலையைத் தின்றுகொண்டு நின்றது.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கழுத்துல சிலுவையோட ஒருத்தி நின்னா எப்படிப்பா துளுக்கும்? சாமிக்குத் தெரியாதா?"

ஊன்றுகோலோடு நின்ற என் மகன் கோபமாக முன்னால் வந்தான். மருமகள் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, நான் ரோட்டுக்குப் போயி நின்னுக்கறனுங்க. உங்க வேண்டுதல் கெட வேண்டாம்."

அவள் போன பிறகு கிடா துளுக்கிவிட்டால், குற்றம் அவள் மேல்தான் என்று ஆகிவிடும். இனி எந்த நல்லது கெட்டதிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். எனக்கு அது தெரிந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசிப் பழகியவன் இல்லை நான்.

அவள் நடந்தாள். கிடாவும் கத்திக்கொண்டே அவள் பின்னால் ஓடியது. கயிற்றைப் பிடித்திருந்தவர் தடுமாறி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். யாரோ சிரித்தார்கள். கிடா அவள் சேலையில் முகத்தை உரசிக்கொண்டு நின்றது. அப்போதும் துளுக்கவில்லை.

"ஏனுங்கண்ணா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "துளுக்கலீன்னா சாமி வேண்டாங்குதுன்னுதானுங்க அர்த்தம்? அதுக்கு எதுக்குங்க ஒருத்தர் மேல குத்தம் தேடோணும்?"

"அட, இவனுக்குக்கூட வாயி வந்துருச்சு," என்றார் அண்ணன்.

"வேண்டிக்கிட்டது நானுங்க. எம்பையன் இதோ நிக்கறான். சாமி இன்னும் குடுன்னு கேக்கலீங்க. நாமதான் வாங்கிக்கோ வாங்கிக்கோங்கறோம்."

பூசாரி கிடாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு, "உசுரோடவே சாமிக்கு நேந்து உட்டதா இருக்கட்டும். நீ வா சாமி, வந்து துன்னூறு வாங்கிக்க," என்று அவளைக் கூப்பிட்டார். அவள் இரண்டு கைகளையும் நீட்டித் திருநீறு வாங்கி, என் மகன் நெற்றியில் பூசிவிட்டாள்.

கறிச்சோற்றுக்கு வந்தவர்கள் அன்று கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிட்டார்கள். "கெடா விருந்துக்கு வந்து கத்திரிக்கா தின்னது நாமதாப்பா," என்று மறுசோறு வாங்கிக்கொண்டே சொன்னார் அண்ணன். அவளிடம் மட்டும் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

கிடா எங்கள் வீட்டில்தான் வளர்கிறது. அவள் சர்ச்சுக்குப் போனால் திரும்பி வரும்வரை கத்துகிறது. சாமி அன்று என்ன நினைத்தது என்று எனக்குத் தெரியாது. கிடா துளுக்கியிருந்தால் நான் பேசியிருப்பேனா என்பதும் தெரியாது. ஆனால் சாமி முன்னால் கண்ணை மூடினால், அந்த ஆஸ்பத்திரி வராந்தாவின் இரண்டு மூலைகளும் சேர்ந்துதான் எனக்கு இன்றைக்கும் நினைவுக்கு வருகின்றன.

எழுதி முடித்தது: தை மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.