இருட்டு மூலையில் ஜெயித்த சென்சார்

தங்கை கல்யாணத்தை நானே படமெடுக்க ஆசைப்பட்டு, கணவருடன் திருச்சியில் ஒரு கடைக்கு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கப் போனேன். இரண்டு கேமராக்களைக் காட்டிய கடைக்காரர், முதலாவதைத் தொட்டு, "இதுல மெகாபிக்சல் அதிகம், இதையே எடுத்துக்கங்க" என்றார். கணவரும் தலையாட்டிவிட்டார்.

எனக்கோ மனம் ஒப்பவில்லை. கல்யாணம் நடக்கவிருந்த ஸ்ரீரங்கம் மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. "இருங்க, ரெண்டுலயும் எடுத்துப் பாத்துடலாம்" என்று கணவரைக் கடையின் இருட்டு மூலையில் நிறுத்தி, ஃபிளாஷ் போடாமல் எடுத்தேன். முதல் கேமராவில் அவர் முகமெல்லாம் ரவையைத் தூவியதுபோல் புள்ளிகள். இரண்டாவதில் மீசையின் நரைகூடத் தெளிவு!

"இதுல வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குற சென்சார் புதுசுங்க" என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். அதையே வாங்கினோம்.

முகூர்த்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் நான் எடுத்த தாலி கட்டும் படம்தான் இன்று தங்கை வீட்டுக் கூடத்தில் பெரிதாகத் தொங்குகிறது. இப்போதெல்லாம் செல்போன் வாங்கினால்கூட, மங்கலான இடத்தில் ஒரு படம் எடுத்துப் பார்த்த பிறகே பில் போடச் சொல்கிறேன்.