நாற்பது வரி எழுதிய சூசை அண்ணன்

சூசை அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி நேற்றுக் காலை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. தொழிற்சாலைத் தோழி ஒருத்தி கையைப் பிடித்துச் சொன்னாள். வருத்தத்துக்கு முன் எரிச்சல்தான் வந்தது. அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்க, மனிதர் அதற்குள் கிளம்பிவிட்டாரே!

சிங்கப்பூரின் ஜூரோங்கில் நாங்கள் வேலை பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நாற்பது இயந்திரங்கள். எவ்வளவு சூட்டில், எத்தனை விநாடி ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. எழுபதுகளில் அதை அட்டையில் எழுதி இயந்திரத்திலேயே தொங்கவிட்டோம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எந்த இயந்திரத்துக்கு எந்த அளவு என்று படிவத்தில் எழுதி அனுப்பினால் மாடியில் அதைக் கம்ப்யூட்டரில் தட்டிவிடுவார்கள். அதில் ஒரு பாழாய்ப்போன ஏற்பாடு: புதுப் பட்டியல் போனால் பழையது முழுவதும் அழிந்துவிடும். ஒன்றை மாற்றவும் நாற்பதையும் எழுத வேண்டும்.

மேற்பார்வையாளரான சூசை அண்ணன் ஒவ்வொரு முறையும் நாற்பது வரியையும் எழுதுவார். அடுத்த மேசையில் எழுத்தராக இருந்த எனக்குப் பார்க்கவே பொறுக்காது.

“ஒண்ணு மாத்த நாப்பதும் எழுதணுமாண்ணே? பைத்தியக்கார வேலை லா!”

“எழுதாததை அது இல்லேன்னு எடுத்துக்குதும்மா. என்ன செய்யறது?”

மாதா கோயிலில் மகளின் புதுநன்மைச் சடங்கு ஏற்பாட்டுக்காக ஒரு சனிக்கிழமை அவர் விடுப்பு எடுத்தார். விடுப்புக்கு முன் வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவது அவர் பழக்கம். அன்று பதினேழாம் இயந்திரத்தை மட்டும் மாற்றச் சொன்னார்கள். எனக்கு உட்லண்ட்ஸ் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். ஒரே ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன்.

திங்கள் காலை மற்ற முப்பத்தொன்பதும் நின்றுகிடந்தன. பாதி ஷிப்ட் போயிற்று. மேலாளர் படிவத்தை நீட்டி யார் வேலை என்று கத்தினார். எண்களை எழுதியது என் கை என்று அண்ணனுக்குப் பார்த்ததுமே தெரியும்.

“கையெழுத்து என்னுது சார்” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் இடத்தில் என்னைப் போட்டார்கள்.

அதன் பிறகும் என்னைப் பார்த்தால், “சாப்பிட்டியாம்மா?” என்றுதான் கேட்பார். ஒரு நாளாவது திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் நானும் அழுது, எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்திருப்பேன். நல்லவராகவே இருந்து என் வாயை அடைத்துவிட்டார். இப்படி எழுதுவதும் அயோக்கியத்தனம்தான்; அடைத்துக்கொண்டது நான்.

நேற்று மதியம் பூன் லேயில், அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே பெட்டியை வைத்திருந்தார்கள். ஜெபமாலை முடிந்ததும் அவர் மனைவியிடம் போனேன்.

“அந்தப் படிவத்தை எழுதினது நான்தான் அக்கா.”

அவர் என்னையே பார்த்தார். “அவருக்குத் தெரியும்மா. நீ வந்து சொல்லுவேன்னு ரொம்ப நாள் பார்த்தாரு. போன வாரம்கூட வீட்டுலதானே இருந்தாரு.”

பெட்டியின் கண்ணாடிக்குள், வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டு, தலைவாரிப் படுத்திருந்தார். பழைய ஆட்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். இயந்திரங்களை நிறுத்தியது நான்தான் என்று அவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். கேட்க வேண்டியவருக்குத்தான் கேட்கவில்லை.

போய் வாருங்கள், அண்ணே.