ஒரு பஞ்சு, ஒரு அரம்

முட்டை அட்டையின் முதல் குழியில் ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான், ஒரு கறுப்புச் சட்டைப் பொத்தான். இரண்டாவது குழியிலும் அப்படியே. மூன்றாவது குழிக்கு வரும்போது தராசக்காவின் கை அந்தரத்தில் நின்றது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மேலாளர் உள்ளே வந்தார். வணக்கம் சொன்ன வரவேற்புப் பெண்ணுக்குப் பதில் சொல்லவில்லை. லிஃப்ட் இன்னும் இறங்கி வரவில்லை என்று சுவரை முறைத்தார். "வீட்ல ஏதோ நடந்திருக்கு. இன்னிக்கு இவரு அரம்" என்று முணுமுணுத்தபடி, ஒரு வெள்ளைப் பொத்தான்மேல் ஒட்டியிருந்த அவருடைய பெயரை நகத்தால் உரித்து, கறுப்புப் பொத்தான்மேல் ஒட்டினார் தராசக்கா.

மற்ற கம்பெனிகளுக்கு யோசனை சொல்லிப் பிழைக்கிற கம்பெனி அது. ஆளைக் குறை, கிளையை மூடு, சோப்பு உறையின் நிறத்தை மாற்று என்று ஊரிலுள்ள தொழிலுக்கெல்லாம் வழி சொல்வார்கள். தங்கள் மாடியில் ஒழுகுகிற குழாய்க்கு மட்டும் இன்றுவரை ஒரு யோசனையும் பிறக்கவில்லை. ஊருக்குத்தானே உபதேசம்! அங்கே வேலை கேட்டு வருகிற ஒவ்வொருவரும் இரண்டு மேலாளர்களிடம் தனித்தனியாக நேர்காணலுக்கு உட்கார வேண்டும். யாரை யாரிடம் உட்கார வைப்பது என்பதை முடிவு செய்வது தராசக்காவின் உத்தியோகம். கேள்விகளும் லேசுப்பட்டவை அல்ல. "இந்த ஊர்ல ஒரு வருஷத்துக்கு எத்தனை குடை தொலையும்?" என்பார்கள். பதில் கேட்டவருக்கே தெரியாது. வருகிறவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்க்கிறார்களாம்.

கேள்வி கேட்கிறவர்களில் இரண்டே வகைதான் என்பது தராசக்காவின் தீர்மானம். தலையாட்டிச் சிரித்து, "சூப்பர், சூப்பர்" என்று தடவிக் கொடுக்கிறவர்கள் பஞ்சு. அவர்களுக்கு வெள்ளைப் பொத்தான். ராவி எடுக்கிறவர்கள் அரம். அவர்களுக்குக் கறுப்பு. "ரெண்டு பஞ்சு கெடைச்சவன் மெதந்துக்கிட்டே உள்ள போயிடுவான். ரெண்டு அரம் கெடைச்சவன் பொடிப்பொடியாத்தான் வெளிய வருவான். ஆளுக்கு ஒரு பஞ்சு, ஒரு அரம். அதான் நியாயம்" என்பார். இந்தக் காரியத்தைச் செய்யக் கம்பெனி ஒரு கணினி நிரலை வாங்கித் தந்திருக்கிறது. தராசக்கா அதை மதிக்காமல் இல்லை. ஆளுக்கு ஒரு குழியாக முட்டை அட்டையில் முடிவு செய்ததை அப்படியே அதில் தட்டிவிடுவார். ஏன் இந்த இரட்டை வேலை என்று கேட்டால், "அதுக்கு மூஞ்சி பார்க்கத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்பார்.

தராசு என்ற பெயர் அலுவலகம் வைத்தது. வீடு வைத்திருந்தால் இன்னும் கடுமையாக வைத்திருக்கும். ஆப்பிளை நறுக்கினால் மகனுக்கும் மகளுக்கும் துண்டுகளை எதிரெதிரே அடுக்கி, ஒன்று பருத்துத் தெரிந்தால் அதன் ஓரத்தைக் கடித்துச் சமன் செய்வார். அப்படிச் சமன் செய்தே பாதி ஆப்பிள் நீதிபதியின் வயிற்றுக்குப் போய்விடும். "இவ நியாயத்துல எப்பவும் இவளுக்குத்தான் லாபம்" என்பார் கணவர். ஆனால் அவரும் ஒரு விஷயத்தை மறுக்க மாட்டார்: யாருடைய சிபாரிசுக்கும் தராசக்கா ஒரு பொத்தானை இடம் மாற்றியது கிடையாது.

அந்தப் பெருமைக்குத்தான் வந்தது சோதனை. நாத்தனார் மகள் இதே கம்பெனிக்கு மனுப் போட்டிருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. "சாப்பிட வா" என்றால் "எதுக்கு இப்பவே?" என்று கேட்கிற பிறவி. படிப்பு முடித்து ஏறி இறங்கிய இடத்திலெல்லாம் அந்த வாய்தான் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தது. வீட்டில் அவள் ஒருத்திதான் வேலையில்லாமல் இருந்தாள். இதுவும் போனால் என்ன செய்வது என்று அவள் அம்மா சோறு இறங்காமல் கிடந்தாள். நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணி, உங்களுக்குத் தெரியாததா? ரெண்டும் பஞ்சா போட்டுடுங்க."

தராசக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பஞ்சு இவளுக்கு எப்படித் தெரியும்? வேறெப்படி? நுணலும் தன் வாயால் கெடும். போன விசேஷத்தில் சொந்தபந்தம் அத்தனையும் சுற்றி உட்கார்ந்திருக்க, தன் பொத்தான் சாஸ்திரத்தை விலாவாரியாக விளக்கியது இதே அண்ணிதான்.

"அதெல்லாம் முடியாதும்மா. ஆபீஸ்ல எனக்கு உறவு கிடையாது."

"ஒரே ஒரு தடவைதானே அண்ணி? அவ உங்க பொண்ணு மாதிரி இல்லையா?"

"என் பொண்ணா இருந்தாலும் இதேதான்!" என்று போனை வைத்தார். அந்த வாலுவைத் தூக்கி வளர்த்த கைகளில் தராசக்காவின் கையும் ஒன்று.

காலையில் முதல் வேலையாகக் கம்பெனித் தலைவரான பெரிய சாரிடம் போய், "சார், இன்னிக்கு வர்றவங்கள்ல ஒண்ணு என் நாத்தனார் பொண்ணு. நீங்களே வேற யாரையாவது வெச்சுப் பிரிச்சிடுங்க" என்றார். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "தராசையே எடை போடச் சொல்றீங்களா? நீங்களே போடுங்க. உங்களை நம்பாம யாரை நம்புறது?"

இந்த ஒரு வார்த்தைதான் அக்காவைக் கெடுத்தது. திட்டியிருந்தால்கூட நிதானமாக இருந்திருப்பார். நம்பிக்கை தலைக்கேறிவிட்டது. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று, வாலுவின் குழியில் ஒரு கறுப்பைப் போட்டார். கொஞ்சம் யோசித்தார். இன்னொரு கறுப்பையும் போட்டார். முதல் அரம், எந்தப் பதிலைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று மட்டுமே கேட்கிறவர். இரண்டாவது, பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே எதிராளியை வெறிக்கிற அம்மா. கறுப்பு ஓரிடத்தில் கூடினால் வெள்ளை வேறிடத்தில் கூடித்தானே ஆக வேண்டும்? பளபளக்கிற ஷூ போட்டு வந்த, முன்பின் தெரியாத ஒரு பையனின் குழியில் இரண்டு வெள்ளைகள் போய் உட்கார்ந்தன.

வாலு வந்தாள். மற்றவர்கள் முன்னால் "வணக்கம் மேடம்" என்று சொல்லி, ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினாள். தராசக்கா முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். அவள் "அப்புறம்" சாரின் அறைக்குள் போய்க் கதவு சாத்தியதும், தராசக்கா மிச்சமிருந்த பொத்தான்களைத் திரும்பவும் எண்ணத் தொடங்கினார்.

முதல் சுற்று பாதியில் இருக்கும்போது வரவேற்புப் பெண் தேநீரோடு வந்து முட்டை அட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். யாருடைய குழி எது என்று அவளுக்குத் தெரியாது. "ஐயோ, இது யாரு பெத்த புள்ளைக்கா? ரெண்டு அரத்துக்கு நடுவுல மாட்டிக்கிச்சு? என்ன தப்பு பண்ணுச்சு?"

தராசக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். என்ன தப்பு செய்தாள்? தராசக்காவுக்குச் சொந்தமாகப் பிறந்தாள், அவ்வளவுதான். அவள் நாசமாய்ப் போனால், "தராசக்கா ரொம்ப நேர்மை" என்று ஊர் தனக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கும். அந்தப் பாராட்டுக்காகத்தான் பிள்ளையை அரத்தில் கொடுத்திருக்கிறோம் என்று புரிந்தபோது அக்காவுக்கு அவமானமாக இருந்தது. இதில் ஷூக்காரப் பையனுக்கு ஓசி அதிர்ஷ்டம் வேறு. நியாயம் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்திருந்தது. இரண்டாவது சுற்றில் அவனுடைய வெள்ளையையும் இவளுடைய கறுப்பையும் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் மாற்றினால், பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது அத்தை மருமகளுக்குச் செய்கிற உபகாரம்.

பொத்தான்களை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நேரே பெரிய சாரின் அறைக்குப் போனார். "சார், பேர் கெட்டுடக் கூடாதுன்னு சொந்தக்காரப் பொண்ணுக்கு வேணும்னே ரெண்டு அரம் போட்டுட்டேன். இப்ப ஒண்ண மாத்தப் போறேன். யாராவது கேட்டா, நான்தான் மாத்தினேன்னு சொல்லிடுங்க."

பெரிய சார் மெல்லக் கேட்டார்: "மாத்திக்கோங்க. அது சரி, நான் பஞ்சா, அரமா?"

"நீங்க சட்டை சார். உங்க மேலதானே எல்லாப் பொத்தானும்" என்று சொல்லிவிட்டு, அவர் அதற்கு அர்த்தம் கண்டுபிடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டார்.

மாற்றியது மாற்றியபடி நடந்தது. வாலு, "சூப்பர்" சாரின் அறைக்குப் போனாள். ஷூக்காரப் பையன் பேனா தட்டுகிற அம்மாவிடம் போனான். பாவம், பொடியாகப் போகிறான் என்று தராசக்கா அவனுக்காகக் காகிதக் கைக்குட்டைகூட எடுத்து வைத்தார். சற்று நேரத்தில் அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பேனா அம்மா சிரித்து இந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. "சூப்பர்" சாரின் அறையிலோ மயான அமைதி.

வாலு வெளியே வந்தாள். கழிப்பறைக்குப் பக்கத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துத் தராசக்கா அவள் கையைப் பிடித்தார்.

"முதல் ஆளு ரொம்பப் படுத்திட்டாராடி?"

"ஐயோ, அவரு தங்கம் அத்தை! அப்புறம், அப்புறம்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் சொல்லிக்கிட்டே போனேன். என் வாழ்க்கையில யாரும் என்னை இவ்வளவு நேரம் பேச விட்டதே இல்ல. ரெண்டாவது ஆளுதான்! எதுக்கெடுத்தாலும் சூப்பர். 'அதுல என்ன சார் சூப்பர், நான் சொன்னது தப்பாக்கூட இருக்கலாமே'ன்னு கேட்டேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு."

சாயங்காலம் முடிவு வந்தது. ஷூக்காரன் தேறிவிட்டான். வாலு விஷயத்தில் அரம், "கட்டாயம் வேண்டும்" என்று சொல்லியிருந்தது. பஞ்சு, "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லியிருந்தது. இப்படி இழுபறியானால் மறுநாள் மூன்றாவதாக ஒருவர் பார்க்க வேண்டும். அவர் சொல்வதே முடிவு. அந்த ஒருவர் யார் என்பதைத் தராசக்காதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை மேசைமுன் உட்கார்ந்ததும் போன் அடித்தது. "அண்ணி, இன்னிக்காவது பஞ்சு போடுங்க" என்று நாத்தனார் கெஞ்ச, பின்னாலிருந்து யாரோ போனைப் பிடுங்குகிற சத்தம். "அத்தை, அவங்க கிடக்குறாங்க! நீங்க அரம் போடுங்க!"

தராசக்கா போனைக் கவிழ்த்து வைத்தார். வெள்ளையைப் பார்த்தார், கறுப்பைப் பார்த்தார். எது யாருக்குப் பஞ்சு, எது யாருக்கு அரம் என்று இப்போது அவருக்கே சத்தியமாகத் தெரியவில்லை. நேற்றைய இருவரின் பொத்தான்களை மட்டும் ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருந்த எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினார். மூடிக் குலுக்கினார். வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டு டப்பாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"கண்ணை மூடிக்குங்கக்கா" என்றாள் அவள்.

"மூடிட்டேன்டி. யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது" என்று தராசக்கா இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டார். விரல்கள் கொஞ்ச நேரம் துழாவின. ஒரு பொத்தானைப் பிடித்தன. அதை வெளியே எடுப்பதற்குச் சற்று முன்னால், இடது கண் மட்டும் லேசாகத் திறந்தது.