எங்கள் காரில் ஏறிய அயல்நாட்டுப் பூச்சி

எங்கள் வீட்டில் கார் ஓடுவதற்காக வாங்கப்பட்டதல்ல. சேலத்தில் வசதியானவர்கள் வாழும் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருந்துகொண்டு கார் இல்லாவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று என் கணவர் நினைத்ததால் வாங்கப்பட்டது. அவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் உறையை நீக்கிக் காரைத் துடைப்பார், மறுபடி உறையைப் போட்டு மூடுவார், காய்கறி வாங்க ஸ்கூட்டரில் கிளம்புவார். கேட்டால், வெயிலில் பெயின்ட் போய்விடும் என்பார்.

போன பங்குனியில் அந்தக் காருக்குள் பூச்சி வந்தது. அதை முதலில் பார்த்தது நாங்கள் அல்ல, என் மகளின் மாமியார். அவர்களுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம். மாசமாக இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, சம்பந்தியம்மாளைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனோம். பாதி வழியில் அவருடைய பட்டுச் சேலை மடிப்பிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பூச்சி புறப்பட்டு, முழங்கை வரை நடந்து, அங்கிருந்து பறந்தது. பின்னாலேயே இன்னொன்று கிளம்பியது.

கோயிலில் நிதானமாகச் சாமி கும்பிட்டார். வீட்டுக்கு வந்து காப்பி கொடுத்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க சம்மந்தி, வளைகாப்பு முடிஞ்சு இந்த வண்டியிலதான் புள்ளையக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"வேற வண்டி வாடகைக்குப் புடிச்சுக்கறோமுங்க" என்றேன்.

"அதில்லீங்க. வண்டியே இப்படின்னா ஊடு எப்படிங்க இருக்கும்? பொறக்கற கொழந்தைய அங்க எப்படிங்க படுக்க வெக்கறது? பிரசவத்த இங்கயே வெச்சுக்கலாமுங்க."

மரியாதை ஒரு பொட்டுக் குறையாமல் இப்படி அறைய எங்கள் பக்கத்து ஆட்களால்தான் முடியும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்களிடம் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். எனக்கு இருப்பதோ ஒரே பெண். மசக்கையில் அவள் பாதியாய் இளைத்துப் போனதை வீடியோவில் பார்த்து அழத்தான் முடிந்தது. இனிமேலாவது என் கையால் சோறு போடலாம் என்று அரிசி முறுக்குக்கு மாவுகூட அரைத்து வைத்திருந்தேன். கடுகத்தனை இருக்கும் ஒரு பூச்சி வந்து அதைக் கெடுப்பதா என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

வளைகாப்புக்குள் அது என்ன பூச்சி என்று கண்டுபிடித்து ஒழித்தாக வேண்டும். என் கணவர் களத்தில் இறங்கினார். பூச்சியைப் படம் எடுத்தால் போனே பெயர் சொல்லுமாம். காலையில் எடுத்த படத்தைப் பார்த்து அது பிரேசில் காட்டு வண்டு என்றது. மாலையில் அதே பூச்சியை வேறு பக்கமிருந்து எடுத்தார்; காப்பிக்கொட்டை என்றது. அவர் பிரேசிலையே நம்பினார். கப்பலில் வந்து, துறைமுகத்தில் லாரி பிடித்துச் சேலத்தில் இறங்கியிருக்கும் என்று அதற்கு வழியும் போட்டுக் கொடுத்தார்.

எதிர்வீட்டுக்காரர் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர். கார்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, மூட்டைப்பூச்சி என்று தீர்ப்புச் சொன்னார். மூட்டைப்பூச்சிக்கு ஏதுங்க இறக்கை என்று கேட்டேன். "அங்கெல்லாம் உண்டுங்க" என்றார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்காருவதில்லை. அந்த வகையில் பூச்சிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மெக்கானிக் பூச்சியைப் பார்க்கவே இல்லை. பானட்டைத்தான் திறந்து பார்த்தார். "இது ஒயர் தின்னுற பூச்சிங்க சார். உள்ளாற பூந்துருச்சு. டேஷ்போர்டு மொத்தமும் கழட்டோணுமுங்க" என்றார். ஓடாத வண்டியில் ஒயர் இருந்தால் என்ன, போனால் என்ன என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். கழற்றிப் பார்த்ததில் என் காணாமல் போன சீப்பு கிடைத்தது.

மறுநாள் பச்சைப்பயறு கடையலாம் என்று டப்பாவைத் திறந்தேன். மூடியின் உள்பக்கத்தில் பிரேசில்காரர் நடந்துகொண்டிருந்தார். அதே பழுப்பு, அதே நடை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் முறத்தில் புடைத்துத் தள்ளுகிற பயறு வண்டு! சமையலறையில் பார்த்திருந்தால் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லியிருப்பேன். காருக்குள் பார்த்ததும் எனக்கும் அது அயல்நாட்டுக்காரராகத்தான் தெரிந்தது. அவ்வளவு பெரிய காரில் உள்ளூர்ப் பூச்சி ஏறும் என்று யாருக்குத் தோன்றும்?

சரி, காரில் ஏது பயறு? சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியபோது ஒரு மஞ்சள் துணி முடிச்சு அகப்பட்டது. உள்ளே நவதானியம். பயறும் மொச்சையும் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்து, பாதி மாவாகியிருந்தன. காருக்குப் பூஜை போட்ட அன்று, சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய கையோடு, கண்படாமல் இருக்க அதை அங்கே வைத்தவர் சாட்சாத் சம்பந்தியம்மாள். எடுக்கவே கூடாது என்றும் சொல்லியிருந்தார். தினமும் காரைத் துடைக்கிற என் கணவரும், சாமி காரியம் என்று அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறார்.

விஷயம் தெரிந்ததும் அவர் குதித்தார். "போட்டோ எடுத்து அனுப்பறேன் பாரு. அவங்க வெச்ச முடிச்சுல இருந்துதான் வந்துச்சுன்னு தெரியட்டும்."

"வாயத் தொறந்தீங்கன்னா, பொறக்கற கொழந்த நடக்கற வரைக்கும் உங்களுக்கு இந்த ஊட்டுல காப்பி கெடையாதுங்க" என்றேன்.

வேறு என்ன செய்ய? சம்பந்தியம்மாள் தன் கையால் வைத்த மங்கலப் பொருளில் வண்டு பிடித்தது என்று சொல்லிவிட்டு, பெண்ணை அனுப்புங்கள் என்று அதே வாயால் கேட்க முடியாது. தானியத்தை மரத்தடியில் கொட்டினேன். காரை நாலு கதவும் திறந்து வெயிலில் நிறுத்தினோம். பெயின்ட் அப்படியேதான் இருந்தது.

வளைகாப்பு அன்று பழியைத் தூக்கிக் கணவர் தலையில் போட்டேன். "கோழித்தீவன லாரிக்குப் பக்கத்துல வண்டிய நிறுத்திட்டாருங்க. அதுல இருந்து ஏறிக்கிச்சுங்க. இப்பச் சுத்தமாப் போயிருச்சுங்க." அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

"அப்படீங்களா" என்றார் சம்பந்தியம்மாள். சாப்பாடு முடிந்து நாங்கள் கிளம்பியபோது, மருமகளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து அவரே காரில் உட்கார வைத்தார். "நல்லபடியா இருந்துட்டு வா சாமி" என்று கன்னத்தைத் தடவினார். பிறகு என் பக்கம் வந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். கையில் புதிதாக ஒரு மஞ்சள் முடிச்சு.

"இந்தத் தடவ வசம்பு தட்டிப் போட்டிருக்கறனுங்க சம்மந்தி. வண்டு புடிக்காதுங்க" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

கோழித்தீவன லாரியை எங்கே ஒளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "எப்பங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"அன்னிக்குக் கோயிலுக்குப் போறப்பவே தெரியுமுங்க. பயத்தங்கா வெளையற தோட்டத்துல இருந்துட்டு இது தெரியாதுங்களா? புள்ளைய அனுப்பத்தான் மனசு வரலீங்க."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது, எனக்கும் நிறைந்துவிட்டது. முடிச்சை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அடிக்கிற வசம்பு வாசம் அதற்குள் காரில் பரவிவிட்டது.

"என்னவாம்?" என்றார் என் கணவர், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி.

"ஒண்ணுமில்லீங்க. வண்டிய எடுங்க."