தனியே நித்திரை கொள்ளத் தெரியாத சிப்பாய்

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ரொறன்ரோவுக்கு ஓடி வந்தவர்களில் நாங்கள் நான்கு பேர் வோபர்ன் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே, இருந்தோம். நிலத்தில் நான்கு மெத்தைகளை வரிசையாகப் போட்டு, குறட்டை விடுகிறவனை முழங்கையால் இடித்து, எப்படியோ நித்திரை கொண்டோம். நால்வருக்கும் வாழ்க்கை இலட்சியம் ஒன்றுதான்: கதவு உள்ள ஓர் அறை. நாடு கிடைக்கும் என்று அடித்துச் சொன்னவர்கள்கூட அறை கிடைக்கும் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பெடியன், ரீவியும் சொந்தக் குளியலறையும் உள்ள ஓர் அறையை உதறிவிட்டு எங்கள் வரிசையில் ஐந்தாவது ஆளாக வந்து சேர்ந்தான்.

அவன் என் முதலாளியம்மாவின் தங்கை மகன். நான் வேலை செய்த பேக்கரி, முதலாளியம்மாவுக்கும் கணவருக்கும் சொந்தம்; யூதர்கள், நல்ல மனிதர்கள், சம்பளத்தைத் தவிர மற்றதெல்லாம் தாராளமாகத் தருவார்கள். பெடியனுக்குப் பதினெட்டு வயது. இஸ்ரேலில் கிபுட்ஸ் என்று சொல்லப்படும் கூட்டுப்பண்ணையில் பிறந்து வளர்ந்தவன். இராணுவத்தில் சேருமுன் கொஞ்சநாள் உலகம் பார்க்கட்டும் என்று பெரியம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பெரியம்மா அவனுக்கு உலகத்தைக் காட்டும் விதமாக எங்கள் பேக்கரியில் மா மூட்டை தூக்க விட்டார்.

முதல் நாளே என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் வழித்துத் தின்றுவிட்டான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. உறைப்புக் கூடிப்போச்சு என்று முறைப்பாடுதான் வந்தது. கிபுட்ஸில் எல்லாம் பொதுவாம். உடுப்புப் பொது, சாப்பாடு பொது, சைக்கிள் பொது. அப்படியென்றால் என் வேலையிலும் பாதியைச் செய் என்றேன். ஆச்சரியம், செய்தான்.

அங்கே பிள்ளைகளும் பொதுவாம். பிறந்த கொஞ்ச நாளிலேயே 'பிள்ளைகள் வீடு' என்ற ஒன்றில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். பின்னேரம் சில மணித்தியாலம் தாய் தகப்பனோடு விளையாடலாம். பிறகு படுக்கிற நேரம் தாய் கூட்டிக்கொண்டுபோய்ப் பிள்ளைகள் வீட்டில் விட்டுவிட்டு வந்துவிடுவார். முறை போட்டு யாரோ ஒருத்தி காவல் இருப்பாள். இப்படிப் பிறந்த நாளிலிருந்து ஒரு கூட்டத்தின் நடுவே நித்திரை கொண்டவனை, பெரியம்மா கம்பளம் விரித்த அறையில் தனியே விட்டுக் கதவையும் சாத்தினால் அவனுக்கு எப்படிக் கண் மூடும்? மூன்று கிழமையில் கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய் வந்து நின்றான். நாங்கள் வரிசையாகப் படுப்பதை நான்தான் வாய் தவறிச் சொல்லித் தொலைத்திருந்தேன். அடுத்த நாளே மெத்தையோடு வந்துவிட்டான்.

எங்களோடு இருந்த மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. ஊரில் தமிழ் படிப்பித்தவர், இங்கே ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார்.

"உவன்ர ஆக்கள்தானாம் இலங்கை ஆமிக்கு றெயினிங் குடுக்கிறது. நீர் என்னடா எண்டால் உவனுக்குத் தலையணி குடுக்கிறீர்" என்றார்.

"மாஸ்டர், உவன் இன்னும் ஆமிக்கே போகேல்லை. போன பிறகு கோவிப்பம்."

மாஸ்டர் விடாமல் பெடியனிடமே கேட்டுவிட்டார். இலங்கை என்று ஒரு நாடு இருப்பதே எங்களைக் கண்ட பிறகுதான் தனக்குத் தெரியும் என்றான் அவன். மாஸ்டருக்கு அது இன்னும் பெரிய அவமானம். ஆமிக்குப் பயந்து ஓடி வந்த நான்கு பேரும், ஆமிக்குப் போக நாள் பார்த்திருந்த ஒருவனும் ஒரே போர்வையை இழுத்துச் சண்டை பிடித்தபடி அந்தக் குளிர்காலத்தைக் கழித்தோம்.

வசந்தத்தில் அவன் போனான். அடுத்த வருடம் ஒரு காலை, முதலாளியம்மா பேக்கரிக் கதவடியில் நின்று சொன்னார். பயிற்சிக்குப் போன இராணுவ லொறி புரண்டுவிட்டது. அதில் பெடியன் இருந்தான். சாரதி கண் அயர்ந்துவிட்டானாம். நான் அழுதேன். வெட்கப்படாமல், எல்லார் முன்னாலும் நின்று அழுதேன். அன்று ஒரு தட்டுப் பாண் கருகிப்போனதற்கு யாரும் என்னை ஏசவில்லை.

சில மாதங்கள் கழித்து அவனுடைய தாய் அக்காவைப் பார்க்க ரொறன்ரோ வந்தார். அவன் நினைவாக வீட்டில் ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம், நீயும் வா, அவனோடு இருந்தவர்களில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று தங்கை கேட்கிறாள் என்றார் முதலாளியம்மா. வெறுங்கையோடு எப்படிப் போவது? மாஸ்டர்தான் வழி சொன்னார்.

"கல்வெட்டு ஒண்டு பாடித் தாறன். கொண்டுபோம்."

எங்கள் ஊரில் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு புத்தகம் அச்சடிப்பார்கள். அதில் செத்தவர் எல்லாரும் உத்தமர்கள்தான். கள்ளுக்கொட்டிலிலேயே குடியிருந்தவரும் அதில் ஒழுக்க சீலராகிவிடுவார். மாஸ்டர் அந்த அச்சிலேயே பெடியனையும் வார்த்திருந்தார்: அன்னை சொல் தட்டாத அருந்தவப் புதல்வன், பிறர் பொருள் தீண்டாப் பெருந்தகை. என் புட்டை நினைத்துக்கொண்டே அதை இங்கிலிஷில் மாற்றினேன். எழுதி முடித்த மாஸ்டர் மூக்கைச் சிந்தினார், தடிமன் என்றார்.

பெரியம்மா வீட்டில் கோட்டுப் போட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். அவர்களிடம் மாஸ்டர் தோற்றுப்போனார். ஒருவர் வாயில் பெடியன் எல்லையைக் காத்தான். அடுத்தவர் வாயில் தோழர்களைக் காப்பாற்றினான். லொறி எங்கே போனதென்றே தெரியவில்லை. தாய் வெளுத்த நீலச் சட்டையோடு ஒரு தாழ்ந்த கதிரையில் அசையாமல் இருந்தார். என் முறை வந்ததும் நானும் வாசித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தாய் மட்டும் எழுந்து, என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"நீ வாசித்ததில் இருந்தது யாருடைய மகன்?" என்று இங்கிலிஷில் கேட்டார்.

நான் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"நீ அவனுக்குப் பக்கத்தில்தானே படுத்தாய்? அவன் எப்படி நித்திரை கொள்ளுவான்? எனக்குத் தெரியாது. ஒவ்வொரு இரவும் பிள்ளைகள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அதுதான் எங்கள் முறை. நல்ல முறை என்றுதான் நம்பினோம். அவன் நித்திரை கொண்டதை வேறு பெண்கள் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை."

குசினியில் கல்வெட்டுப் பாட எனக்கு வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"காலைத் தூக்கி என் மேல் போடுவான்."

"எந்தக் கால்?"

"வலது கால்."

"பாரமா?"

"சரியான பாரம். தள்ளிவிட்டால் திரும்பப் போடுவான். திட்டினாலும் விளங்காது, நல்ல நித்திரையில் இருப்பான். பிறகு நானும் விட்டுவிட்டேன்."

"விட்டுவிட்டாயா?"

"விட்டுவிட்டேன்."

அவர் எந்த இடம் என்று கேட்டார். நான் தொடையைக் காட்டினேன். முன்னறையில் அடுத்தவர் பேச எழுந்துவிட்டார். பெரியம்மா வந்து தங்கையைக் கூப்பிட்டார். வருகிறேன் என்றவர் போகவில்லை. நான் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கால் குளிர்ந்து இருக்குமா, சூடாக இருக்குமா?" என்று கேட்டார்.

"சூடு," என்றேன். "நல்ல சூடு."