வெள்ளைக்குள் மறைந்த கதவு

தியாகராய நகரிலுள்ள எங்கள் வீடு புதுப்பிக்கப்பட்ட பின் அதற்குள் முதன்முறை காலெடுத்து வைத்தபோது எனக்குக் குமட்டியது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஊசியிலைக் காட்டின் மணம் என்று சொல்லி விற்கப்படும் மெழுகுவத்தி ஒன்றை வரவேற்பறையில் ஏற்றி வைத்திருந்தார்கள். புதிய வண்ணப்பூச்சின் நெடியோடு அது கலந்து, பொதுக் கழிப்பறையை அப்போதுதான் மருந்தூற்றிக் கழுவிவிட்டது போன்ற வாடையாகித் தொண்டையில் இறங்கியது. மேல்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். என் மனைவி என் முழங்கையைப் பற்றியபடி நின்றாள்.

வேலை முடியும்வரை நாங்கள் இருவரும் மயிலாப்பூரில் அவளுடைய தம்பி வீட்டில் தங்கியிருந்தோம். வீட்டைப் புதுப்பிப்பது எங்களோடு வசிக்கும் மகனும் மருமகளும் சேர்ந்து எடுத்த முடிவு. அலுவலகத்திலிருந்து திரும்பினால் கண்ணுக்கு அமைதி வேண்டும் என்பது மருமகளின் விருப்பம். பெற்றோருக்கும் அதுவே நல்லது என்பது மகனின் நம்பிக்கை. இருவரும் நல்லவர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அருவருப்பு அவர்கள் மீதன்று. அவர்கள் விலை கொடுத்து வாங்கி வந்த அந்த வெண்மையின் மீது.

"எப்படிப்பா இருக்கு? ஸ்காண்டிநேவியன் ஸ்டைல். லைட்டா, மூச்சு விடற மாதிரி இருக்குல்ல?" என்றான் மகன்.

"மூச்சு விடணும்னா ஜன்னலைத் திறக்கணுமே. திறக்கலாமா?"

"ஐயோ, வேணாம்ப்பா. தூசி வரும். எல்லாம் வெள்ளை. ஏசி போட்டுக்கலாம்."

காற்றோட்டமான வீடு என்று அதற்குப் பெயர். உசுமான் சாலைப் பக்கத்துப் புழுதி வந்து சுவரில் படியும் என்பதற்காகச் சன்னல்கள் அனைத்தும் கண்ணாடியால் இறுக்கி அடைக்கப்பட்டிருந்தன. காற்றின் வேலையைக் குளிர்சாதனம் பார்த்தது. ஆண்டில் பாதி நாள் கதிரவனைக் கண்ணாரக் காணாத அந்த வட ஐரோப்பிய நாட்டினர், கிடைக்கிற சிறு வெளிச்சத்தையும் சிந்தாமல் பிடித்துக்கொள்ளத் தம் வீடுகளை வெளுப்பாக வைத்துக்கொண்டார்கள். அது அவர்கள் வாழும் நிலத்துக்கு உற்ற அறிவு. சித்திரை நண்பகலில் தெருவில் இறங்கினால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிழல் தேடுகிற நமக்கு, அந்த வெயிலை வீட்டுக்குள்ளும் பூசி வைக்க வேண்டிய கட்டாயம் என்ன? இதை நான் கேட்டபோது மகன், "இது ஒரு மூட்ப்பா" என்றான்.

இருக்கைகளின் மீது ஆட்டுத்தோலைப் போன்ற செயற்கை மயிர் விரிப்புகள் கிடந்தன. பனி பெய்யும் ஊரில் அவற்றின் பயன் எனக்கு விளங்குகிறது. இங்கே, பின்னங்கழுத்து வியர்க்க ஒருவர் வந்து சாய்ந்து எழுந்தால், மழையில் நனைந்த நாயின் நாற்றம் அதில் மூன்று நாள் தங்கும். வெண்தொட்டியில் நெகிழியாலான சாம்பல் நிற இலைகள். வெளிர்மரம் போல் அச்சிட்ட பலகைத் தரை, வேலைக்கு வரும் பெண்மணி வழக்கம்போல் வாளி நீர் விட்டுத் துடைத்த முதல் வாரத்திலேயே ஓரங்களில் அப்பளம் போல உப்பியது. அந்த உப்பலுக்கு அடியிலிருந்து கிளம்பிய பூசண வாடையை மூடத்தான் அதன் பின் நாள்தோறும் மெழுகுவத்தி எரிந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இவற்றையெல்லாம் விட எனக்கு அருவருப்பூட்டியது புத்தக அலமாரி. என் நூல்கள் அத்தனையும் முதுகைச் சுவருக்குக் காட்டி, தாள்களின் ஓரம் வெளியே தெரியும்படி அடுக்கப்பட்டிருந்தன. ஒரு நூலுக்கும் பெயரில்லை. தேனாம்பேட்டையில் அலுவலகம் வைத்திருக்கும் உள்ளலங்கார நிபுணர், முப்பது வயது கூட நிரம்பாத இளைஞர், இன்முகத்தோடு விளக்கினார்.

"கவர் கலரெல்லாம் மிக்ஸா இருக்கு அங்கிள். தீம் உடைஞ்சிடும். பேப்பர் சைடு தெரிஞ்சா நியூட்ரலா இருக்கும்."

"வேண்டிய புத்தகத்தை எப்படித் தம்பி எடுக்கிறது?"

"எல்லாத்தையும் டெய்லியா படிக்கப் போறீங்க?"

வாழ்நாள் முழுதும் வகுப்பறையில் பாடம் நடத்தியவன் நான். அவர் போன பின் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி வைத்தேன். முடிக்க மாலையாயிற்று. மருமகள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள். என் சிக்கல் அத்தோடு தீர்ந்தது.

என் மனைவியின் சிக்கலை அப்படித் திருப்பி வைக்க முடியவில்லை. நீரிழிவு அவளுடைய விழித்திரையைப் பெரும்பகுதி அரித்துவிட்டது. எஞ்சியிருக்கும் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம், கூட்ட முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவளுக்கு முகங்கள் தெரியா, எழுத்துகள் தெரியா. அடர்ந்த நிறமும் வெளிர்நிறமும் ஒன்றையொன்று தொடும் இடம் மட்டும் தெரியும். முன்பு எங்கள் கதவுகள் கருந்தேக்கு நிறத்தில் இருந்தன. மின்பொத்தான் பலகைகள் கறுப்பு. சமையல் மேடை கருங்கல். அவ்வளவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் சமைத்தாள், மடித்த துணியை உரிய இடத்தில் வைத்தாள், யாரையும் கூப்பிடாமல் கழிப்பறைக்குப் போய்வந்தாள்.

இப்போது சுவர் வெள்ளை, கதவு வெள்ளை, கதவின் நிலை வெள்ளை, பொத்தான் வெள்ளை, மேடை வெள்ளை, அதன் மீதிருக்கும் குவளையும் வெள்ளை. நடைவழியிலுள்ள கழிப்பறைக் கதவுக்குக் கைப்பிடியும் இல்லை. தள்ளினால் திறக்கும், ஆனால் எங்கே தள்ளுவது? முதல் நாள் அவள் மோரைக் குவளைக்குப் பக்கத்தில் ஊற்றினாள். மருமகள் ஓடிவந்து துடைத்து, "விடுங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்பான சொல்தான். மறுநாள் முதல் என் மனைவி சமையலறைக்குப் போகவில்லை.

சில நாள்களில் இன்னொன்றையும் கவனித்தேன். பிற்பகலுக்கு மேல் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. மாத்திரையைக் கூட ஒரே மிடறில் விழுங்கிவிட்டுச் செம்பைத் தள்ளி வைத்தாள். சிறுநீரகத்தைக் காக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது மருத்துவரின் கண்டிப்பான கட்டளை. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"குடிச்சா போகணுமே" என்றாள்.

"என்னைக் கூப்பிடேன்."

"ஒவ்வொரு தடவையுமா? நான் என்ன குழந்தையா?"

தன் வீட்டில் கழிப்பறைக்கு வழி கேட்பதற்கு நாணி ஒருத்தி தாகத்தை அடக்கிக்கொண்டிருக்கிறாள். எதிரே அந்த நெகிழி இலைகள் அழகாக நிற்கின்றன. அந்தக் கணத்தில் எனக்கு உண்டான அருவருப்பை எழுத்தில் முழுதும் கொண்டுவர என்னால் இயலவில்லை.

மகனிடம் பேசினேன். "லைட்டைக் கூட்டிடலாம்ப்பா" என்றான். கூட்டினான். வெள்ளைச் சுவரில் வெளிச்சம் மோதித் தெறித்ததில் அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்த சிறிதும் கரைந்தது. பிறகு, "அம்மாவுக்குன்னு ஒரு ஆள் போட்டுடலாமா?" என்றான். உள்ளறையில் இருந்த அவள் அதைக் கேட்டுவிட்டாள்.

"ஆளா? என் வீட்ல நான் நடக்கறதுக்கு ஆளா? அதுக்கு என்னை அந்தப் பிளாஸ்டிக் செடி பக்கத்துல உக்கார வெச்சிடு. தண்ணியும் ஊத்த வேணாம்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் கதவு வெள்ளையாகவே இருந்தது.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, அவள் குளித்துவிட்டு என்னிடம் மஞ்சள்தூளும் குங்குமமும் எடுத்துத் தரச் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் தலைவாசல் நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டில் என்றும் உள்ள வழக்கம். அதற்காகத்தான் என்று எண்ணினேன். தலைவாசலை முடித்தவள் நிற்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்து, படுக்கையறை நிலை, சமையலறை நிலை, மேடையின் விளிம்பு, மின்பொத்தான் பலகையின் ஓரம் என்று குழைத்த மஞ்சளை இழுவிக்கொண்டே போனாள். மஞ்சள் அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. அதன் மீது அகலமாகவும் நெருக்கமாகவும் வைத்த குங்குமமே அவளுக்கு வேலை செய்தது. கடைசியில் கழிப்பறை நிலைக்கு வந்தாள். மற்றெல்லாவற்றையும் விட அதற்குத் தாராளமாகப் பொட்டு வைத்தாள்.

மருமகள் பதறிவிட்டாள். "அத்தை! பாத்ரூமுக்கு யாராவது மஞ்ச குங்குமம் வெப்பாங்களா?"

"அவசரத்துக்கு எந்தச் சாமிம்மா வழி விடுது? இந்தக் கதவுதான் விடுது" என்றாள் என் மனைவி.

மருமகளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சுவரைப் பார்த்ததும் கோபமே வென்றது. எனக்கும் அது ஒப்பவில்லை என்பதை மறைக்கவில்லை. மங்கலப் பொருளைக் கழிப்பறை வாயிலில் காண என் உடல் கூசியது. ஆனால் அன்று மாலை அவள் ஒரு செம்புத் தண்ணீரை முழுதும் குடித்தாள். குடித்துவிட்டு, பொட்டுகளைப் பார்த்தபடி தானே எழுந்து போனாள். கூச்சத்தை விழுங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளலங்கார நிபுணர் வந்தார். முடித்த வீட்டைப் படமெடுத்துத் தம் இணையப் பக்கத்தில் வெளியிடுவது அவர் வழக்கம். மகன் முன்பே ஒப்புக்கொண்டிருந்தான். கூடவே, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வண்ணம் பூசுபவர் ஒருவரையும் சிறு திருத்தங்களுக்காக அழைத்து வந்திருந்தார். நிலைகளைக் கண்டதும் நிபுணரின் முகம் வெளிறியது.

"சார், இது மேட் ஃபினிஷ். மஞ்ச போகவே போகாது!"

"இன்னாத்துக்கு சார் டென்சன்? மேல ஒரு கோட்டு இஸ்துட்டா போச்சு" என்றார் வண்ணம் பூசுபவர். நடைவழி படத்தில் விழும் என்பதால் முதலில் கழிப்பறை நிலைக்கு வெள்ளையை அடித்தார். படச்சட்டத்துக்குள் ஆட்கள் வரக்கூடாதாம். என்னைப் பால்கனிக்குப் போகச் சொன்னார்கள். என் பழுப்பேறிய மேல்துண்டும் அந்த வீட்டின் நிறத்துக்கு ஒவ்வாதது போலும். போனேன். கண்ணாடிக் கதவு எனக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். உறங்கிக்கொண்டிருந்த என் மனைவி படுக்கையறையிலிருந்து வெளியே வந்தாள். இரண்டு நாளாகப் பழகிவிட்ட நடையில், விரைவாக, நிமிர்ந்து நடைவழிக்குள் நுழைந்தாள். பிறகு நின்றாள். முகத்தை இடமும் வலமும் திருப்பினாள். கைகளை நீட்டிச் சுவரைத் தடவத் தொடங்கினாள். நான் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறப்பதற்குள் நிபுணரின் குரல் கேட்டது.

"ஆன்ட்டி, கையை எடுங்க! பெயிண்ட் ஈரம்! ஒரே நிமிஷம் அப்படித் தள்ளிக்கோங்க, ஃப்ரேம்ல வர்றீங்க."

அவள் கையை எடுத்தாள். விரல்கள் பத்திலும் வெள்ளை வழிந்தது. அந்நியர் இருவர் நிற்பதை உணர்ந்து, வழியும் விரல்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் உயர்த்திப் பிடித்தபடி, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "பாத்ரூம் எங்க?"

நிபுணர் ஒளிப்படக் கருவியின் திரையில் கோணம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அழகிய வெள்ளைச் சட்டகத்தின் நடுவே ஒரு முதியவள் கழிப்பறை தேடி நிற்கிறாள். அவருக்கு அது வெளிச்சத்தைக் கெடுக்கும் ஒரு நிழல். என் வாழ்நாளில் நான் பார்த்த இழிந்த காட்சிகளுள் அது ஒன்று.

மகன் கருவிக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். அவன் தன் தாயின் கைகளைப் பார்த்தான். போய்க் கதவைத் தள்ளித் திறந்து, "இங்கதாம்மா" என்றான். அவள் உள்ளே போய்விட்டாள்.

அவன் வண்ணம் பூசுபவர் பக்கம் திரும்பினான். "வேற என்ன கலர் வெச்சிருக்கீங்க?"

"நம்மகிட்ட வெள்ளையிலயே நாலு வெள்ள கீது சார். எது ஓணும்?"

மகன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினான். தெருமுனைக் கடையிலிருந்து ஒரு சிறு டப்பாவோடு திரும்பி வந்தான். பழைய அரசு அலுவலகச் சன்னல்களுக்கு அடிக்கும் கரும்பச்சை. மூடியைத் திறந்ததும் நிபுணர் கிட்டத்தட்டக் கத்திவிட்டார்.

"சார், ப்ளீஸ்! டார்க் அவுட்லைன் வந்தா லுக்கே போயிடும். இதை நான் என் பேர்ல போட முடியாது."

"போடாதீங்க" என்றான் மகன்.

அவர் கருவியை மடித்துக்கொண்டு போனார். வண்ணம் பூசுபவர் தம் தூரிகையைக் கொடுத்துவிட்டு, "கோடு கோணையா போவுது சார்" என்று வாயிலில் நின்று வேடிக்கை பார்த்தார். "போவட்டும்ண்ணே" என்றபடி மகன் நிலைக்கு மேல் நிலையாகப் பூசிக்கொண்டே போனான். வெளிர்தரையில் சொட்டுகள் விழுந்தன. மருமகள் சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு செய்தித்தாளை விரித்துப் போட்டுவிட்டு, "ஸ்விட்ச் போர்டை விட்டுட்டியே, அதுக்கும் ஒரு பார்டர் போடு" என்றாள்.

சுவர்கள் இன்றும் வெள்ளைதான். மயிர் விரிப்பு நாறுகிறது, தரை உப்புகிறது, நான் அந்த அறையில் உட்காருவதைத் தவிர்க்கிறேன். ஆனால் மறுநாள் காலை நடந்ததை மட்டும் எழுத வேண்டும். காய்ந்திருந்த கழிப்பறை நிலைக்கு எதிரே என் மனைவி வந்து நின்று, கண்ணைச் சுருக்கி அந்தக் கரும்பச்சையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஏன்டா, இவ்ளோ கண்றாவியா ஒரு கலரை எங்க புடிச்ச?"

"கடையில இருந்ததுலயே இதுதாம்மா ரொம்பக் கண்றாவி. கேட்டு வாங்கினேன்."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே, சுவரைத் தொடாமல் நேரே நடந்து உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள்.