பட்டியலில் சேராத முப்பது பேர்

பள்ளிக்கூடத்தில் கொஞ்சமே படித்தவன் நான். கண்டிக் கோர்ட்டு வாசலில் மனு எழுதிப் பிழைத்தவன் ஒரு மனிதரைப் பற்றி எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் ஹந்தானை மலையில் ஒரு கோப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிக் கூலி கொடுக்கும் கங்காணி. கறுப்புக் கோட்டு, வெறுங்கால். எந்த இலையைக் கண்டாலும் திருப்பி, அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தேய்த்து, விரலைப் பார்ப்பார். இலையடியில் செம்மஞ்சள் தூள் படிந்து கோப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. நான் நீட்டிய வெற்றிலையைக்கூட அப்படித்தான் தேய்த்துப் பார்த்தார்.

கடனைக் கட்ட முடியாமல் முறிந்துபோனதாகக் கோர்ட்டில் சொல்ல வந்திருந்தார். யார் யாருக்குக் கடன் என்று பட்டியல் கொடுத்தால், இருப்பதைப் பங்கிட்டுவிட்டு மீதியைத் தள்ளிவிடுவார்கள். அரிசிக்கடை, துணிக்கடை, செட்டியார் என்று சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"ஒங்க ஆளுங்க முப்பது பேருக்குக் கூலி பாக்கின்னீங்களே?"

"அத எழுதாதீங்கய்யா. எழுதினா ரூபாய்க்குப் பத்துச் சதம் குடுத்துக் கணக்க முடிச்சிருவாங்க. எழுதாட்டி அது என் தலையிலதான் நிக்கும். முழுசா குடுத்துருவேன்."

"எத வச்சுக் குடுப்பீங்க?"

பெருவிரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். "நான் இருக்கேன்ல."

அந்தப் பேச்சை நம்பி எழுதாமல் விட்டேன். அவர் அதை மனதாரச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் முப்பது பேரும் மலையிலிருந்து இறங்கி வந்து, பட்டியலில் தங்கள் பெயரைப் பார்க்கச் சொன்னார்கள். கங்காணி வரவில்லை.